நிபுணர் இறங்கிய பக்கம்

கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை கட்டப் புறப்பட்ட ராமபத்திரனுக்குத் தலை சுற்றியது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏணி வழியே ஷெட் தளத்தில் ஏறிய வாஸ்து நிபுணர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"கிழக்கே படி வைத்தால் சூரியனை மறைக்கும். வடக்கே குபேரன் போய்விடுவான். தெற்கே எமன் ஏறி வருவான். மேற்கே வருணன் கோபிப்பான்."

"அப்ப மேலே எப்படிங்க போறது?"

"அது கொத்தனார் பாடு."

கொத்தனாரும் திருதிருவென்று விழித்தார். சித்தாள் செங்கமலம் போய் ஏணியை எடுத்துத் தரையில் கிடத்தினாள்.

"இந்தாம்மா, நான் எப்படி இறங்குறது?"

"எந்தப் பக்கம் சாத்தட்டும் சாமி? நீங்களே சொல்லுங்க."

வெயில் ஏறியது. தளம் சுட்டது. நிபுணர் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்.

"மேற்கேயே சாத்தும்மா! வருணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சாத்திய இடத்தில் செங்கமலம் கரித்துண்டால் கோடு கிழித்தாள்.

"கொத்தனாரே, படி இங்கதான்."