புளியந்துறைக் கச்சேரி

முன்னொரு காலத்தில் தென்கரைச் சீமையை உத்தண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம்.

ஒருநாள் கடைசியாகப் பேசியவர் மழவராயர். அரசவையில் அவரைப்போல் பட்டு உடுத்தவரும் கிடையாது, பிரதானி நல்லமுத்துவின் முத்திரை மோதிரத்தைப் பார்த்து அவரைப்போல் வயிறு எரிந்தவரும் கிடையாது.

"மகாராஜா, நம் சீமையில் கீழைநாட்டுப் பகுதிக்கு எது தலைமை ஊர்? புளியந்துறை. கச்சேரி நடக்கும் கொட்டகையைப் பார்த்தீர்களா? மழை வந்தால் மணியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வழக்குக் கேட்கிறார். ஆடு உள்ளே படுத்திருக்கிறது. என் ஊர் மாணிக்கமங்கலத்தில் நூறு தூண் மண்டபம் கட்டியிருக்கிறேன். கச்சேரியை அங்கே மாற்றினால் தங்களுக்கல்லவா பெருமை?"

"மாற்றிவிடலாமே" என்றார் ராஜா. நூறு தூண் என்றதும் அவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

பிரதானி எழுந்தார். "மகாராஜா, புளியந்துறை நாட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஆற்றில் இறங்கிக் கடக்க அது ஒன்றுதான் துறை. எந்த மூலையிலிருந்து வந்தாலும் ஒரு கட்டுச்சோற்றோடு வந்து, குறையைச் சொல்லி, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். மாணிக்கமங்கலம் மேற்குக் கோடி. கடலோரத்து ஆள் அங்கே போய்வர மூன்று கட்டுச்சோறு வேண்டும். பாதிப் பேர் குறையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்."

"சோற்று மூட்டையை வைத்தா தலைமை ஊரைத் தீர்மானிப்பது?" என்று மழவராயர் சிரித்தார். ராஜாவும் சிரித்தார், அவையும் சிரித்தது. ராஜா சிரித்தால் சிரிக்கிற அவைதானே அது.

பிரதானிக்குக் கோபம் வரவில்லை. "அப்படியானால் சனங்களே தீர்மானிக்கட்டும். நாடு முழுக்க ஒரே தண்டோரா போடுவோம்: 'வெள்ளிக்கிழமை கச்சேரி உண்டு'. அவ்வளவுதான், ஊர்ப்பெயர் வேண்டாம். அவர்கள் குறையோடு எந்த ஊரைத் தேடிப் போகிறார்களோ, அதுவே தலைமை ஊர். இரண்டு ஊருக்கும் தாங்களே வந்து பாருங்கள். நான் தோற்றால் இந்த முத்திரை மோதிரம் மழவராயர் விரலுக்குப் போகட்டும்."

கூட்டம் சேர்ப்பதில் மழவராயரை மிஞ்ச ஆள் ஏது? திருவிழா தவறாமல் தம் ஊருக்குப் பாடகர்களை அழைத்துப் பெயர் வாங்கியவர் அவர். "சம்மதம்" என்று முந்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ராஜா மாணிக்கமங்கலத்துக்கு வந்தார். மண்டபத்தில் எள் போட இடமில்லை. வாசல்வரை தலைகள். மழவராயர் பிரதானியின் மோதிர விரலை ஆசையாகப் பார்த்தார்.

"பார்த்தீரா பிரதானி?" என்றார் ராஜா.

"பார்த்தேன், மகாராஜா. கூட்டம் அமோகம். முதல் வழக்கைக் கேட்கலாமே."

ராஜா முன்வரிசையில் இருந்த தொந்திக்காரரைக் கூப்பிட்டார். "உமக்கு என்ன குறை?"

அவர் மடியிலிருந்த சுண்டலை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு குறையும் இல்லீங்க சாமி. இன்னிக்கு யார் பாடுறாங்கன்னு மட்டும் தெரியலீங்க."

"பாடுவதா?"

"கச்சேரின்னு தண்டோரா போட்டாங்களே. மழவராயர் ஊர்ல கச்சேரின்னா பாட்டுத்தானுங்களே. மூணு ஊர் தாண்டிப் பாயோட வந்திருக்கோம்."

அப்போதுதான் ராஜா கூட்டத்தை நன்றாகப் பார்த்தார். எல்லார் கையிலும் பாய், விசிறி, பலகாரம். ஒருவர் கையிலும் மனு ஓலை இல்லை. பின்வரிசையில் ஒருவர் தாளம் போடவே ஆரம்பித்துவிட்டார்.

மழவராயர் முகம் வெளுத்தது. ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சனங்களை ஏமாற்றக்கூடாது, மழவராயரே. மண்டபம் உம்முடையது. ஏறி உட்கார்ந்து பாடும்."

ராஜ கட்டளையாயிற்றே. மழவராயர் பாடினார். இரண்டாவது அடி முடிவதற்குள் பாய்கள் சுருட்டப்பட்டன. மூன்றாவது அடியை நூறு தூண்களும் தனியாகக் கேட்டன.

ராஜா குதிரையைப் புளியந்துறைக்குத் திருப்பினார். பிரதானி சொன்னபடி பரிவாரத்தை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு, வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தே உள்ளே போனார். கொட்டகைக்கு வெளியே நீண்ட வரிசை. எல்லார் கையிலும் ஓலை, தோளில் கட்டுச்சோறு. ராஜா பழக்க தோஷத்தில் நேரே முன்னால் நடந்தார்.

"தம்பி, இது கச்சேரி. பின்னால போய் நில்லு" என்றாள் வரிசையில் நின்ற பேச்சியாயி. கடலோரத்துக் கிராமத்தில் ஒரு துண்டு வயல்காரி அவள்.

ராஜா அவளுக்குப் பின்னால் போய் நின்றார். "மாணிக்கமங்கலத்திலும் கச்சேரியாமே. நீங்கள் அங்கே போகவில்லையா?"

"அது பாட்டுக் கேட்கிற கச்சேரிப்பா. மேல்வயல்காரன் என் வாய்க்காலை அடைச்சுட்டான், பயிர் காயுது. நான் பாட்டா கேட்க முடியும்? கோழி கூவ கிளம்பினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டணும்."

 அந்த வரிசை நகர்கிற வேகத்தில் ராஜாவும் நகர்ந்தார். வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லிப் பேச்சியாயிக்கு ஓலை எழுதிக் கொடுத்த மணியக்காரர், தலை நிமிராமலே, "அடுத்து யாரப்பா? என்ன குறை?" என்றார்.

"இந்தக் கச்சேரியை இங்கிருந்து யாரும் எடுக்கக்கூடாது. கூரைக்கு மழவராயர் தம் கையால் புது ஓடு போடவேண்டும். பிரதானி மோதிரத்தைக் கழற்றவே கூடாது. இதுதான் என் மனு."

"பெயர்?"

"உத்தண்ட பூபதி" என்றார் ராஜா. "பெயரோடு எழுதிக்கொள்ளும். இனிமேல் என் காதில் யார் என்ன ஓதினாலும், மாற்றச் சொல்லி நானும் இந்த வரிசையில் வந்துதான் நிற்க வேண்டும்."