குழல்வாய்மொழி வீடு சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் ஏழாற்று நாட்டை வீரகேதன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? காலையில் ஓர் ஆணை போடுவான், மாலையில் அதை மறந்துவிடுவான். நடுவில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரியைத் தூர்வாரிப் பத்து வருஷம் ஆயிற்று என்று சொல்லச் சபையில் யாருக்கும் நாக்கு எழவில்லை. முரசறைவோரின் தலைவர் வில்லவராயர்தான் எழுந்தார். யார் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஆள் வைத்துப் பார்த்து, மறுநாள் தெருத்தெருவாக முரசடித்துச் சொல்வது அவர் உத்தியோகம். நல்ல உத்தியோகம்!

“மகாராஜா, மழை பெய்யாததற்குக் காரணம் தாசிகள் குடியிருக்கும் மேலச்சந்து! அந்தப் பெண்களைப் பௌர்ணமிக்குள் நாடு கடத்துங்கள்.”

“கடத்தியாயிற்று!” என்றான் ராஜா.

அமைச்சர் நல்லுடையார் தொண்டையைக் கனைத்தார். “அங்கே போகிற ஆண்களுக்கு என்ன தண்டனை, மகாராஜா? இரண்டு கை தட்டினால்தானே ஓசை? ஒரு கையை மட்டும் வெட்டினால் எப்படி?”

சபையில் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ராஜா மீசையைத் தடவிக்கொண்டு, “யோசிப்போம்” என்றான்.

வில்லவராயருக்கு அமைச்சர் ஆசனத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மறுநாள் விடிந்ததும் முரசு முழங்கியது. “கேளுங்கள் ஜனங்களே! அமைச்சர் ஏன் தாசிகளுக்குப் பரிந்து பேசினார் தெரியுமா? வெள்ளிக்கிழமைதோறும் மேலச்சந்துக் குழல்வாய்மொழி வீட்டுக்குப் போய்வருகிறார்!”

ஊர் வாய்க்குக் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை என்பது மத்தியானத்துக்குள் தினமும் என்றாயிற்று. சாயங்காலத்துக்குள் இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. அமைச்சரின் மனைவி செண்பகத்தம்மாள் இலையில் வெறும் ஊறுகாயை வைத்துவிட்டு, “சோறு போடுகிற வீட்டுக்கே போய்ச் சாப்பிடுங்கள்” என்றாள்.

ராஜா அமைச்சரைக் கூப்பிட்டான். “நாளை உச்சிப்பொழுதுக்குள் இது பொய்யென்று நிரூபியும். முடியாவிட்டால் அந்தப் பெண்களோடு நீரும் எல்லை தாண்ட வேண்டியதுதான்.”

மறுநாள் குழல்வாய்மொழியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். எல்லைக்கு அந்தப்புறம் அவளுக்கு நாதி கிடையாது. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் நின்றாள்.

“அமைச்சர் உன் வீட்டுக்கு வந்தாரா? சொல்!” என்றான் ராஜா.

“வந்தார் என்றால், ‘தாசி வாய்க்குச் சத்தியமா’ என்பார் அமைச்சர். வரவில்லை என்றால், ‘கைக்கூலி வாங்கிவிட்டாள்’ என்பார் ராயர். என்னை எதற்குக் கேட்கிறீர்கள் மகாராஜா? என் வீட்டைக் கேளுங்கள். எல்லாரும் ஒரு நடை வாருங்கள்.”

“நானுமா?” ராஜா அவசரமாகக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான். “அந்தச் சந்து கிழக்கா மேற்கா என்றுகூட எனக்குத் தெரியாதே!”

“முரசு முன்னால் போகும், மகாராஜா. வழி தவறாது” என்றாள் குழல்வாய்மொழி.

ஊரே திரண்டு போயிற்று. குழல்வாய்மொழி வீட்டு வெளிவாசல் நல்ல உயரம். ஆனால் உள்ளே இரண்டடி வைத்தால், இருட்டு நடையில் குறுக்கே புருவ உயரத்தில் ஓர் உத்தரம். வெயிலிலிருந்து வருகிற கண்ணுக்கு அது தெரியாது.

“அமைச்சர் ஐயா, முதலில் நீங்கள் போங்கள்” என்றாள்.

நல்லுடையார் விறைப்பாக நடந்தார். மடேர்! “ஐயோ, அம்மா!” வெளியே வந்தபோது நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

“பாசாங்கு! சுத்தப் பாசாங்கு!” வில்லவராயர் குதித்தார். “உள்ளறையில் உட்கார்ந்திருந்ததை என் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்!”

“எந்த அறை ராயரே? நீங்களே வந்து காட்டுங்களேன்.”

ராயர் விரலை ஆட்டித் திட்டிக்கொண்டே விறுவிறுவென்று நுழைந்தார். பேச்சு நிற்கவில்லை. உத்தரத்துக்கடியில் தலை தானாகக் குனிந்து தானாக நிமிர்ந்தது. பெயர்ந்து கிடந்த கல்லைக் கால் தானாகத் தாண்டியது. கை அங்கவஸ்திரத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னாலிருந்த முளையில் மாட்டியது. மாட்டிய பிறகுதான் வாய் நின்றது.

“அமைச்சருக்கு என் வீட்டில் முளை இருப்பதே தெரியாது, பாவம். உத்தரத்தோடு திரும்பிவிட்டார்” என்றாள் குழல்வாய்மொழி. முரசுக்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அடே அயோக்கியப் பயலே!” ராஜாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ராயரின் குடுமியைப் பிடிக்க உள்ளே பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் இடக்கை கிரீடத்தைக் கழற்றியது, தலை குனிந்தது, கால் கல்லைத் தாண்டியது.

சிரிப்பு அப்படியே நின்றது. ராயர் சேதியை முழக்க முரசுக்காரர்கள் ஓங்கிய கோலை அடிப்பதா இறக்குவதா என்று தெரியாமல் விழித்தார்கள். ராஜா கிரீடமும் கையுமாக நடுநடையில் நின்றான்.

குழல்வாய்மொழி கைகூப்பினாள். “பார்த்தீர்களா எங்கள் மகாராஜாவின் பணிவை! ஏழை வீடானாலும் முடியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆணையை இப்போது சொல்லுங்கள், மகாராஜா. ஆண்களையும் சேர்த்தே எல்லை தாண்டச் சொல்லப் போகிறீர்களா? யார் யார் குனிகிறார்கள் என்று பிரபுக்களை வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்துவிடலாம்” என்றாள்.

பிரபுக்களில் பாதிப் பேர் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

“வேண்டாம், வேண்டாம்! ஆணை ரத்து!” என்று ராஜா கத்தினான். “இந்தப் பெண்களை இனி யாரும் தொந்தரவு செய்யக்கூடாது!”

“முரசுக்கும் ஒரு வரம்பு வேண்டும், மகாராஜா” என்றார் அமைச்சர். “ஏரி தூர்ந்ததையும் களஞ்சியத்து நெல் காணாமல் போனதையும் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் சொல்லட்டும். அடைத்த கதவுக்குள் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம்.”

“அதுவே சட்டம்! மழைக்குக் காரணம் கண்டுபிடித்த மேதாவி ராயர் நாளையிலிருந்து ஏரியில் மண் சுமக்கட்டும். குழல்வாய்மொழி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?”

“எல்லாரும் என் வாசலை விட்டுப் போனால் போதும், மகாராஜா.”

போனார்கள். அரண்மனை வாசலில் ராஜா அமைச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். “நல்லுடையாரே, சேதி இந்நேரம் அரசி காதுக்கு எட்டியிருக்கும். உள்ளே போய் நான் என்ன சொல்வது? ஒரு யோசனை சொல்லும்!”

“மன்னிக்க வேண்டும், மகாராஜா. அடைத்த கதவுக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சற்று முன்புதானே சட்டம் போட்டீர்கள்?”

அந்தப்புரக் கதவு திறந்தது. ராஜா உள்ளே போனான். கதவு அடைத்துக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி.