ஆடு மேயாத வெள்ளைப் பூப்பாத்தி

முன்னொரு காலத்துல, மந்திரவாதிங்க சந்தைக்கு வந்து பேரம் பேசிக் கத்தரிக்காய் வாங்கின காலத்துல, வேலப்பன்னு ஒரு தோட்டக்காரன் இருந்தான். அவன் பெண்சாதி பேரு பொன்னாத்தா. நல்ல மனுஷன்தான், ஆனா வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் சந்தையில கோரபுத்தன்கிற மந்திரவாதியைப் பார்த்து, "என்ன சாமி, தாடியை எந்த ஆட்டுக்கிட்ட வாங்கினீங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சான்.

அவ்வளவுதான்! மந்திரவாதி கோலால தரையில மூணு தட்டு தட்டினான். வேலப்பன் கருப்பு ஆடாயிட்டான்.

பொன்னாத்தா ஓடிவந்து மந்திரவாதி காலைப் பிடிச்சு அழுதா.

"சரி சரி, அழாதே. வீட்டைச் சுத்தி வெள்ளைப் பூவாலேயே ஒரு பாத்தி போடு. அத்தனையும் ஒரே விடியல்ல பூத்தா இவன் மனுஷனாவான். ஆனா ஆட்டைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, முள்வேலி போடக் கூடாது. இவன் வாயில பேச்சு இருக்கிற வரைக்கும்தான் கெடு. பேச்சு நின்னா ஆடு ஆடுதான்!"ன்னு சொல்லி, கோரபுத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு உங்களுக்குப் புரியுதில்ல?

பொன்னாத்தா மல்லிகை நட்டா. மொட்டு விட்டது. ஆடு தின்னுது.

வெள்ளைச் சாமந்தி நட்டா. மொட்டு விட்டது. அதையும் தின்னுது.

நந்தியாவட்டை நட்டா. அதுவும் போச்சு!

"ஐயோ மாமா, உங்களுக்காகத்தானே நடறேன்!"

"தெரியுது புள்ள, வாய் கேக்க மாட்டேங்குதே. மே..." ஆடு கண்ணு கலங்கி நின்னுது. நாளுக்கு நாள் பேச்சு குறைஞ்சது, மே மே அதிகமாச்சு.

அழுது அழுது பொன்னாத்தாவுக்கு இருமல் வந்துடுச்சு. கஷாயம் போட ஆடாதோடை இலை பறிச்சுவந்து முற்றத்துல வெச்சா. பாயைத் தின்ன ஆடு, முந்தானையைத் தின்ன ஆடு, அந்த இலையை மோந்து பார்த்துத் தும்மிட்டு விலகிப் போச்சு.

பொன்னாத்தா நெத்தியில அடிச்சுக்கிட்டா. "அட மண்டு! பேரிலேயே இருக்கே! ஆடு தொடாத இலை, ஆடாதோடை! தினமும் வாயால சொல்லியும் காதுல விழலையே!"

மறுபடி பாத்தி போட்டா. உள்பக்கம் ஆடாதோடை அடர்த்தியா ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை. நடுவுல உயரமா நந்தியாவட்டை, அதுக்கு முன்னாடி மல்லிகை, காலடியில தும்பை. ஆடாதோடைப் பூவுல ஊதாக் கீத்து இருக்கும், அது கணக்கைக் கெடுத்துடும்னு அதோட மொட்டை மட்டும் கிள்ளிக் கிள்ளி எறிஞ்சா.

ஆடு வந்தது, மோந்தது, தும்மிச்சு, போச்சு. திரும்ப வந்தது, மோந்தது, தும்மிச்சு, போச்சு. ஆனா அதுக்குள்ள ஆட்டுக்கு மிஞ்சினது 'புள்ள'ங்கிற ஒரே சொல்தான்.

ஒரு விடியக்காலை பாத்தி முழுக்க வெள்ளை வெளேர்னு பூத்துச்சு. கோரபுத்தன் அலறிக்கிட்டு ஓடிவந்து கோலைத் தூக்கினான். கோல் கையிலேயே உளுத்துப் பொடியாச்சு. அவன் மந்திரமும் அதோட தீர்ந்துச்சு. தாடியை மூடிக்கிட்டு ஓடினவன்தான், அப்புறம் சந்தைப் பக்கமே தலை காட்டலை.

முற்றத்துல வேலப்பன் ரெண்டு கால்ல நின்னான். வாயைத் திறந்தான். சத்தமே வரலை.

"மாமா, பேசுங்க மாமா!" பொன்னாத்தா அவன் தோளைப் பிடிச்சு உலுக்கினா.

"புள்ள..." தொண்டையைச் செருமினான். "பசி உசிரு போகுது. சோறு போடு. ஆனா வாழையிலையில போட்டுடாதே, தட்டுல போடு. இலையைப் பார்த்தா இன்னும் நாக்கு ஊறுது!"

பொன்னாத்தா சிரிச்சா, அழுதா, தட்டு நிறையச் சோறு போட்டா. அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டான்.