பத்துச் சுற்று

இந்தக் கதையில் வருகிற எல்லோருமே நல்லவர்கள். ஒருவர் மோசமாக இருந்திருந்தால் விடை சொல்வது சுலபமாகியிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அதன் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ரூபவதி மேடம் பயிற்சியாளர். பதினோரு வருடங்களில் அவருடைய அணி மூன்று முறை பல்கலைக்கழக இறுதி ஆட்டம்வரை போயிருக்கிறது. கோப்பையைத் தொட்டதில்லை. இந்த வருடம் தொட்டுவிடலாம் என்று வாட்ச்மேன் உட்பட எல்லோரும் நம்பினார்கள். காரணம் சுயம்புகனி. உடன்குடிக்காரி. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வேதியியல் இரண்டாம் ஆண்டு. வளையத்துக்குக் கீழே அவள் நின்றால் எதிரணிப் பெண்கள் கிட்டே வராமல் தூரத்திலிருந்தே எறிந்து பார்த்துக்கொள்வார்கள்.

கனிக்கு மாற்று ஆட்டக்காரி சபீனா, மேலப்பாளையத்துப் பெண். கனி வெளியே வந்தால்தான் அவள் உள்ளே போகலாம். இதுவரை அப்படிப் போனதையெல்லாம் கூட்டினாலும் ஓர் ஆட்டத்துக்குத் தேறாது. இருவரும் ஒரே வகுப்பு. செவ்வாய், வியாழன் மதியம் ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேசை. நாலு மணிக்கு மணி அடித்ததும் வகுப்பு கலைந்துவிடும்.

நாலேகாலுக்குப் பயிற்சி. பிந்தி வருகிறவர்கள் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். காரணம் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கனி மற்ற நாட்களில் முதல் ஆளாக வந்து நிற்பாள். செவ்வாயும் வியாழனும் மட்டும் நாலரை ஆகும். சபீனா அதற்குள் ஷூ கட்டி, பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். கனி பையை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே ஓடத் தொடங்குவாள்.

ஒருநாள் மேடம் அவள் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் பழுப்பு.

"மருதாணியா? மேட்ச் வர்ற நேரத்துல இது ஒண்ணுதான் குறைச்சல்."

"ரெண்டு நாள்ல போயிரும் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள் கனி.

ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஒரு தொழில்முறை அணியின் மேலாளர் வந்தார். இரண்டு ஆட்டங்களைப் பார்த்தார். இரண்டு வருட ஒப்பந்தம், சம்பளம், தங்குமிடம், நல்ல பயிற்சி என்றார். அடுத்த மாதமே வந்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டால் பிறகு கல்லூரிக்காக ஆட முடியாது. படிப்பா? தபால் வழியில் ஒரு பி.ஏ. முடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். "அடுத்த வருசமும் இந்த இடம் காலியா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். நேர்மையான மனிதர்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாவிடம் கனி போனில் கேட்டாள். "நீ நல்லா யோசிப்ப தாயி. எதைச் செஞ்சாலும் எங்களுக்குச் சந்தோசம்தான்" என்றார் அவர். அன்பான பதில். அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மேடத்திடம் போனாள்.

"போ" என்றார் மேடம்.

"கோப்பை, மேடம்?"

"பதினோரு வருசமா அது இல்லாமத்தான சாப்பிடுதேன், தூங்குதேன். நீ போ." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீ ஏன் பிந்தி வாரன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன் வகுப்புக்காரி சரியா நாலேகாலுக்கு நிக்கா. நீ மட்டும் வாரத்துல ரெண்டு நாள் வேணும்னே பிந்தி, இருபது சுத்து கூடுதலா ஓடுத. ஓட்டத்துக்கு இப்படி ஏங்குத பிள்ளைய நான் பார்த்ததில்ல. நீ இந்த ஆட்டத்துக்குன்னே பிறந்தவ."

கனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேடத்தின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் சபீனாவிடம் கேட்டாள்.

"போவாதட்டி."

"நான் போனா நீதான முதல் அஞ்சுல ஆடுவ?"

"ஆமா. எங்க வீட்ல இப்பவே பிரியாணிக்குச் சொல்லியாச்சு" என்று சிரித்தாள் சபீனா. "போன்னு சொல்லணும்னுதான் நாலு நாளா ஒத்திகை பார்த்தேன். வாய் வரமாட்டேங்கு. ஏட்டி, தபால்ல பி.ஏ.வா? தபால்ல பியூரெட் அனுப்புவாவளா?"

இனி வாசகர்கள் யோசிக்கலாம். கனி போனால் மேடத்துக்குக் கோப்பை கைநழுவும். ஆனாலும் போகச் சொன்னார். கனி இருந்தால் சபீனாவுக்கு இடம் கிடையாது. ஆனாலும் இருக்கச் சொன்னாள். இருவர் சொல்லிலும் சுயநலம் இல்லை. இருவரும் தினமும் பார்ப்பது ஒரே பெண்ணைத்தான். இதில் யார் சொன்னது சரி? வெள்ளிக்கிழமை கனி என்ன பதில் சொல்லியிருப்பாள்?

விடை: சபீனா சொன்னதுதான் சரி. நானும் முதலில் மேடத்தின் பக்கம்தான் சாய்ந்தேன். இவ்வளவு பெரிய இழப்பை ஏற்றுக்கொள்கிறவர் தவறாகச் சொல்வாரா என்று நினைத்தேன். மனசு சரியாக இருப்பவருக்கும் பார்வை பிசகும் என்பது இந்த வயதிலும் எனக்கு மறந்துபோகிறது. நாலு மணிக்கு ஆய்வகம் கலைந்தும் நாலரைக்கு வருகிறவள் அந்த அரை மணி நேரம் எங்கே இருந்தாள்? விரலில் இருந்தது மருதாணி இல்லை, ஆய்வகத்துப் பெர்மாங்கனேட் கறை. பியூரெட் குழாயிலிருந்து ஒரு சொட்டு கூடிப்போனால் முதலிலிருந்து அளந்து பார்க்கிறவள் அவள். அதற்காக வாரம் இருபது சுற்று முணுமுணுக்காமல் ஓடினாள். பந்துக்காக ஒருநாள்கூட ஆய்வகத்தைவிட்டுச் சீக்கிரம் கிளம்பியதில்லை. ஒரே மேசையில் நின்றவளுக்குத் தெரிந்தது மைதானத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கனி மேலாளருக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்றாள். அடுத்த செவ்வாயும் நாலரைக்குத்தான் வந்தாள். மேடம் அவள் விரல்களைப் பார்த்தார். "லேபா?" "ஆமா மேடம்." "முதல்லயே சொல்லியிருந்தா இத்தன நாளும் ஓட வேண்டாமே. ஏம்மா சொல்லல?" கனி பையை ஓரமாக வைத்தாள். "ஓடவும் பிடிக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டு முதல் சுற்றைத் தொடங்கினாள்.