அப்பா என்ன சொல்லுறார்?

முதலில் அநியாயம் செய்தவர் தமையன் பஞ்சாட்சரம். நல்லதம்பி அதை யாரிடமும் ஒளித்ததில்லை. எண்பத்து நாலில் தமையன் சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டார். "ஐயாவைத் தம்பி பார்ப்பான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். தம்பியைக் கேட்கவில்லை. படுக்கையில் விழுந்த தகப்பனைப் பதினொரு வருடம் தூக்கிக் குளிப்பாட்டியது தம்பிதான். "நீ இருந்தபடியால்தான் நான் போனனான்" என்று தமையன் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது மகளும் போகிறேன் என்கிறாள்.

டொரொன்டோவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் சின்ன மடம் ஒன்று இருந்தது. நல்லதம்பி வெள்ளி தவறாமல் அங்கே போவார். மடத்துச் சாமிக்கும் அவருக்கும் ஒரே வயது. அந்த வெள்ளி மகள் நிரோஜாவையும் கூட்டிப் போனார்.

"சாமி, பெத்த தகப்பனைத் தனிய விட்டிட்டுப் பிள்ளை போகலாமோ?"

"எங்கை போறா?"

"எட்மன்டனுக்கு. பிளேனிலை நாலு மணித்தியாலம். இஞ்சை இல்லாத வேலையோ அங்கை? தாயும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல் வராது. டொக்டரிட்டை, வங்கியிலை, வரிக் கந்தோரிலை, எல்லா இடத்திலையும் இவள்தான் எனக்கு வாய். எட்டு வயசிலை இருந்து."

சாமி நிரோஜாவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமைக்குள்ளை பதில் குடுக்கவேணும் சாமி. அப்பா போ எண்டால்தான் போவன்" என்றாள் அவள்.

சாமி ஒரு மடக்குக் கதிரையை விரித்துத் தமக்கும் நல்லதம்பிக்கும் நடுவில் போட்டார்.

"இதிலை இரு பிள்ளை. அப்பா சொல்லுறதை எனக்குச் சொல்லு."

"ஏன் சாமி, நாங்கள் ரெண்டு பேரும் தமிழ்தானே?" என்றார் நல்லதம்பி.

சாமி அவர் பக்கம் திரும்பவில்லை. "அப்பா என்ன சொல்லுறார்?"

நல்லதம்பிக்கு எரிச்சல் வந்தது. "நன்றி கெட்டதுகள் எண்டு சொல்லு. அண்ணனும் அப்பிடி, மகளும் அப்பிடி."

"பயமாயிருக்காம்" என்றாள் நிரோஜா.

"நான் எங்கையடி அப்பிடிச் சொன்னனான்?"

"அப்பா என்ன சொல்லுறார்?"

"நெஞ்சு நொந்தால் போனை எடுத்து என்ன சொல்லுறதெண்டு தெரியாதாம்."

நல்லதம்பி மகள் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டொக்டரிட்டையும் உப்பிடித்தானோ சொல்லுறனி?"

"நீங்கள் அவரைக் கழுதை எண்டியள். நான் நன்றி எண்டனான்."

அந்த டொக்டர் ஒவ்வொரு முறையும் ஏன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்பது நல்லதம்பிக்கு அன்றுதான் விளங்கியது.

"எழும்பு பிள்ளை" என்றார் சாமி. "நல்லதம்பி, இப்ப நீர் அந்தக் கதிரையிலை இரும்."

அவர் இருந்தார்.

"மகள் என்ன சொல்லுறாள்?"

"அவள் ஒண்டும் சொல்லேல்லையே."

"பயம் எண்டு நீரும்தான் சொல்லேல்லை. அவள் சொன்னாள்தானே?"

நல்லதம்பி மகளைப் பார்த்தார். முதல் முதல் வரிக் கந்தோருக்குக் கூட்டிப் போனபோது, கதிரையில் இருந்த இவளுக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு இவரைப் பற்றியே பேசினாள்.

"இருபத்தொரு வருசமாம்" என்றார்.

"மகள் என்ன சொல்லுறாள்?" என்றார் சாமி மறுபடியும்.

"தன்னை ஒருத்தரும் கேக்கேல்லையாம். அவள் பார்ப்பாள் எண்டு விட்டிட்டினமாம்."

சொன்ன பிறகுதான் கவனித்தார். நாற்பது வருடமாக அவர் தமையனைப் பற்றிச் சொல்லிவரும் சொற்கள் அவை.

நிரோஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"பிள்ளை," என்றார் நல்லதம்பி. "நீ இருந்தபடியால்தான் நான் இஞ்சை சீவிச்சனான். போ."

அவள் அவருடைய தோளில் கையை வைத்தாள். பிறகு காரை எடுக்க வெளியே போனாள்.

நல்லதம்பி கதிரையை விட்டு எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சாமி, அண்ணை எனக்கு அதை இன்னும் சொல்லேல்லை."

சாமி கதிரையை மடித்துச் சுவரில் சாத்தினார்.

"ஓம்" என்றார். "சொல்லேல்லை."