பச்சைத் தேநீர்ச் சதகம்

தேனாற்று நாட்டை ஆண்ட வேங்கைமாறனுக்கு அளவு என்பதே தெரியாது. பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வான். பிடிக்காவிட்டால் நாட்டைவிட்டே துரத்துவான்.

அவனுக்குச் சீன வணிகன் ஒருவன் கூடை நிறையப் பச்சைத் தேயிலையைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். இன்று நாம் கிரீன் டீ என்று கோப்பையில் முக்கி எடுக்கிறோமே, அதே சமாச்சாரம்தான். குடித்த அன்றே மன்னனுக்கு மதியத் தூக்கம் போயிற்று. விருந்து உண்ட மந்தமும் போயிற்று. விடுவானா? வெறும் வயிற்றில் ஒரு செம்பு, சோற்றோடு ஒரு செம்பு, படுக்கப் போகுமுன் ஒரு செம்பு என்று ஆரம்பித்துவிட்டான். நடுநடுவே குடித்ததற்குக் கணக்கே இல்லை.

அரண்மனை வைத்தியர் மருதப்பருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் சொல்லியே விட்டார்.

"அரசே, இது நல்ல சரக்குதான். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். சோற்றோடு குடித்தால் கீரையின் சத்து உடம்பில் சேராது. அந்திக்குமேல் குடித்தால் தூக்கம் கெடும். நாளுக்கு இரண்டு கோப்பை போதும்."

மன்னனுக்குச் சுருக்கென்றது. "என் தேநீரையா குறை சொல்கிறீர்? பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடும். இனி இதைக் குறை சொல்பவர் யாராக இருந்தாலும் இதே கதிதான்!"

எழுபது வயது மனிதர் மருதப்பர். மன்னனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது பக்கத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டவர். இதைச் சொல்லும்போது எனக்கே அந்த மன்னன்மேல் கோபம் வருகிறது.

அன்று மதியம் அவை கூடியதும் புலவர் அம்பலவாணர் எழுந்தார். "அரசே, பச்சைத் தேநீர்மேல் ஒரு சதகம் பாடியிருக்கிறேன். நூறு பாட்டு. அத்தனையும் நன்மை. குறை என்று ஒரு சொல் கிடையாது. வைத்தியர் அதைக் கேட்டுவிட்டாவது போகட்டுமே."

மன்னனுக்கு வாயெல்லாம் பல். "பாடும், பாடும்!" என்று இன்னும் இரண்டு செம்பு வரவழைத்துக் குடித்தான்.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. புலவர் பாடத் தொடங்கிவிட்டால், மங்களம் பாடி முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. அரசன் எழுந்தால் ஆட்சிக்கே ஆகாது என்று மூன்று தலைமுறையாக நம்பிவந்தார்கள்.

அம்பலவாணர் அவசரப்படவில்லை. முதல் பாட்டு சோம்பல் ஒழிவது பற்றி. அடுத்தது செரிமானம் பற்றி. அப்புறம் தெளிந்த புத்தி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாடினார். பொருளும் சொன்னார்.

எட்டாம் பாட்டில் மன்னன் சிம்மாசனத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். பன்னிரண்டில் கால்மேல் கால் போட்டான். பதினைந்தில் காலை மாற்றிப் போட்டான். பதினெட்டாம் பாட்டு, தேயிலை விளையும் மலையில் அருவி கொட்டும் அழகு. அதில் வந்த 'சலசல'வை அம்பலவாணர் நாலு தரம் இழுத்து இழுத்துப் பாடினார். மன்னனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"புலவரே, சீக்கிரம்!"

"இருபது ஆயிற்று, அரசே. இன்னும் எண்பதுதான்."

"ஐயோ! நன்மை போதுமய்யா! இதில் ஒரு குறைகூடவா இல்லை? அதைச் சொல்லி முடியுமேன்!"

"குறை சொன்னால் நாடு கடத்துவீர்களே?"

"கட்டளை ரத்து!"

"வைத்தியர்?"

"இங்கேயே இருக்கட்டும்! அவர் சொன்னது அத்தனையும் சரி! நாளுக்கு இரண்டே கோப்பை! மங்களத்தைப் பாடித் தொலையும்!"

மங்களம் முடிந்ததுதான் தாமதம். மன்னன் ஓடிய ஓட்டத்தில் பாதுகை ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம்.

திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. நேரே மருதப்பரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னியும்" என்றான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டான்.

"மிச்சமுள்ள எண்பது பாட்டையும் நாளைக்குப் பாடும். செம்பைத் தொடாமல் உட்கார்ந்து கேட்கிறேன்."

அம்பலவாணர் தலையைச் சொறிந்தார். "எண்பதுக்கு எங்கே போவேன், அரசே? நான் எழுதியதே இருபதுதான். நீங்கள் குடித்திருக்கும் செம்புக்கு அதற்குமேல் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்."