ஒன்றே முக்கால் பாகம்

தூத்துக்குடியில் தோணியை நடத்தும் தண்டல்களில் தொம்மை தண்டலைவிடக் குட்டையானவர் கிடையாது. அவரிடம் தொழில் படிக்க வந்த கயித்தான், எழுந்து நின்றால் பாய்மரத்துக்குப் போட்டி.

கொழும்பில் சரக்கு ஏற்றும்போது கயித்தான் கேட்டான்.

"தண்டலய்யா, கடல் ஆழத்தை ஏன் பாகம்னு சொல்றோம்?"

தண்டல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ஈயக்குண்டுக் கயித்தை மேல இழுக்கிறவன் இப்படி விரிச்சு விரிச்சுத்தான் எண்ணுவான். ஒரு விரிப்பு, ஒரு பாகம்."

கயித்தான் அந்தக் கைகளைப் பார்த்தான். பாவமாக இருந்தது. அன்று சாயங்காலமே, தண்டலின் கை அளவில் பாகத்துக்கு ஒன்றாகக் கயிற்றில் போட்டிருந்த பழைய முடிச்சுகளை அவிழ்த்து, தன் கைகளை விரித்துப் புதிதாகப் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் காற்று செத்து, தோணி இரண்டு நாள் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காலை துறைமுக வாய்க்கு வந்தபோது மணி எட்டு. பத்து மணிக்குக் கோயிலில் கயித்தானுக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகக் கூடிவந்த கல்யாணம்.

"மணல்திட்டு இருக்கு. நமக்கு ரெண்டு பாகம் தண்ணி வேணும். குண்டைப் போடு" என்றார் தண்டல்.

கயித்தான் போட்டான். முடிச்சுகளை எண்ணினான். முகம் வெளுத்தது.

"ஒன்றே முக்கால்."

"நங்கூரத்தை இறக்கு."

ஒன்பது மணிக்குக் கோயில் மணி அடித்தது. அவர்களுடையதைவிடப் பெரிய தோணி ஒன்று பக்கத்தில் உரசாத குறையாக உள்ளே போயிற்று. அதிலிருந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் கை காட்டினார்கள்.

கயித்தானுக்கு அழுகை வந்துவிட்டது.

"தண்டலய்யா, தண்ணி இருக்கு. போயிருவோம்."

"ஒன்றே முக்கால்னு சொன்னது யாருல?"

"நான்தான். அது என் கைப் பாகம். முடிச்சை மாத்திட்டேன்."

"ரெண்டு வேணும்னு நான் சொன்னது?"

கயித்தான் குனிந்துகொண்டான்.

"உங்க கைப் பாகம்."

தண்டல் திட்டவில்லை. உள்ளேயிருந்து ஒரு மூங்கிலை எடுத்து வந்தார். பாரத்தோடு தோணி எவ்வளவு முங்கும் என்று அளந்து வெட்டி வைத்த மூங்கில்.

"இதை உன் கையால அள."

கயித்தான் அளந்தான்.

"ஒன்றரை."

"நங்கூரத்தைத் தூக்கு."

தோணி மணலைத் தொடாமல் உள்ளே நுழைந்தது. சட்டையை மாற்றிக்கொண்டே கயித்தான் கேட்டான்.

"கடைசியில யார் கைதான் சரி, தண்டலய்யா?"

"எந்தக் கையும் சரிதான். வேணுங்கிறதை ஒரு கையாலயும் இருக்கிறதை இன்னொரு கையாலயும் அளந்தா, கல்யாணம் கரையில நடக்கும், மாப்பிள்ளை கடல்ல நிப்பான்."